‘பெரிய’ என்று மூன்று சொற்கள்

வானியல் பற்றிய ஆங்கில நூல் எதை எடுத்தாலும் மூன்று பெயர்கள் கண்ணில் படும். பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கு ‘பிக் பேங்’ என்று பெயர். தென்கோளத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கலான மேகத் துணுக்குபோல் தெரியும் பக்கத்துக் கேலக்ஸிக்கு ‘லார்ஜ் மெகல்லனிக் கிளவுட்’ என்று பெயர். வியாழனில் நூறாண்டுக்கும் மேலாக ஓயாமல் சுழலும், பூமியைவிட அகலமான புயலை ‘கிரேட் ரெட் ஸ்பாட்’ என்கிறார்கள். தமிழில் இவற்றைப் பெருவெடிப்பு, பெரிய மெகல்லன் மேகம், பெருஞ்சிவப்புப் புள்ளி என்கிறோம். மூன்று ஆங்கிலச் சொற்களும் நம்மிடம் வரும்போது ஒரே வேரில் அடங்கிவிடுகின்றன.

இப்போது அவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். லார்ஜ் பேங், கிரேட் மெகல்லனிக் கிளவுட், பிக் ரெட் ஸ்பாட். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சிறிய அகராதி ஒன்றை வைத்துப் பார்த்தால் பொருளிலும் மாற்றமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர் காதில் முதலாவது உடனே இடறும். மூன்றாவது ஒரு கோளின் புயலைச் சொல்வதாகவே தோன்றாது, தோலில் வந்த தடிப்பைச் சொல்வதாகத்தான் ஒலிக்கும். ஏன் என்று கேட்டால் அவரிடமிருந்து விளக்கம் வராது. ‘அப்படிச் சொல்வதில்லை’ என்பார், அவ்வளவுதான்.

நம் பள்ளிக் குறிப்பேடுகளில் பிக் என்றால் பெரிய, லார்ஜ் என்றால் பெரிய, கிரேட் என்றால் பெரிய அல்லது மகத்தான என்று எழுதிக்கொள்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். மாணவி ஒருத்தி ‘ஏராளமான மக்கள்’ என்பதற்கு ‘பிக் நம்பர் ஆஃப் பீப்பிள்’ என்று எழுதுகிறாள். ஆசிரியர் பிக்கை அடித்துவிட்டு மேலே லார்ஜ் என்று எழுதுகிறார். காரணம் சொல்லப்படுவதில்லை, ஏனென்றால் ஆசிரியருக்கும் யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் நல்லதொரு அறிவியல் இருக்கிறது, அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியவைத்துவிடலாம்.

முதலில் இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் ஒன்றைப் பெரியது என்று சொல்ல இந்த மூன்றில் எதையும் நாடவில்லை. அன்று ஆட்சி செய்த சொல் ‘மிச்செல்’. இன்று அது தனியாக வழக்கில் இல்லை. ஆனால் ‘அதிகம்’ என்ற பொருளில் எல்லோரும் சொல்லும் ‘மச்’ அதன் குறுகிய வடிவம்தான். ஸ்காட்லாந்தில் அது மக்கிள் என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. லண்டனின் தெற்கே உள்ள மிட்சம் என்ற பகுதியின் பெயருக்குப் பெரிய குடியிருப்பு என்பதே பொருள். ஷ்ராப்ஷயரில் மச் வென்லாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. மிச்செல் என்ற இந்தச் சொல், சமஸ்கிருதத்தின் மஹத், கிரேக்கத்தின் மெகாஸ், லத்தீனின் மாக்னுஸ் ஆகியவற்றோடு ஒரே மூலத்தில் பிறந்தது. ஆகவே மகாநதியின் மகாவும், மெகா சீரியலின் மெகாவும், ஆங்கிலத்தின் மச்சும் தூரத்துச் சொந்தங்கள். இதே பொருளுள்ள ஸ்பானிஷ் ‘முச்சோ’ மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது முல்துஸ் என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு கொண்டாட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

கிரேட் அந்தக் காலத்திலும் இருந்தது. ஆனால் அதற்குப் பொருள் தடித்த, கரடுமுரடான, பருத்த என்பது. பொடிக்காத உப்பை அப்படிச் சொல்லலாம், பருத்த மரத்தையும் சொல்லலாம். தடிமனிலிருந்து பருமனுக்கும், பருமனிலிருந்து பெருமைக்கும் அது நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல ஏறி வந்தது. பழைய மிச்செல் பின்வாங்க, அதன் இடத்தைப் பெருமளவு பிடித்தது இதுதான். அதன் உச்சரிப்பிலும் ஒரு வரலாறு தங்கியிருக்கிறது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. இந்தப் பெயர்ச்சிக்கு ‘கிரேட் வவல் ஷிஃப்ட்’ என்று பெயர் வைத்தவர் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன். அந்தப் பெயர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் மீட், சீட், ரீட் போன்ற சொற்கள் ஈகார ஒலிக்குப் போய்விட்டன. ‘ea’ என்ற அதே எழுத்துக்கூட்டல் உள்ள பிரேக், ஸ்டேக், கிரேட் ஆகிய மூன்றும் போகாமல் நின்றுவிட்டன. இல்லாவிட்டால் இன்று நாம் ‘கிரீட்’ என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

லார்ஜ் பிரெஞ்சிலிருந்து வந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. அந்த வழியில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் இச்சொல் உள்ளே நுழைந்தது. அதன் லத்தீன் மூலமான ‘லார்குஸ்’ ஏராளமான, தாராளமான என்று பொருள்படும். கொடைத்தன்மையைக் குறிக்கும் லார்ஜெஸ் என்ற ஆங்கிலச் சொல்லில் அந்த முதற்பொருள் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சில் இதே சொல்லுக்கு இப்போது அகலமான என்று பொருள். ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் இது. ஆங்கிலத்தில் சுதந்திரமாக, கட்டுப்பாடின்றி என்ற பொருளும் ஒருகாலத்தில் இருந்தது. பிடிபடாத குற்றவாளியை ‘அட் லார்ஜ்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது அதனால்தான். ‘பை அண்ட் லார்ஜ்’ என்ற தொடர் கடலிலிருந்து வந்தது. பாய்மரக் கப்பல் காற்றை எதிர்த்து ஒட்டிச் செல்வது ‘பை’, காற்றைப் பின்பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு தாராளமாகச் செல்வது ‘லார்ஜ்’. இரண்டு நிலையிலும் நன்றாக ஓடும் கப்பலைப் பற்றிய பேச்சு, பொதுவாகச் சொன்னால் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது.

பிக் மூன்றிலும் இளையது. சுமார் 1300இல் வட இங்கிலாந்து எழுத்துகளில் தலைகாட்டுகிறது. பூர்விகம் உறுதியாக நிறுவப்படவில்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த குடியேறிகளின் சொல்லாக இருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். தொடக்கத்தில் அது உருவ அளவைக் குறிக்கவில்லை. வலிமையுள்ள, செல்வாக்குள்ள என்பதே பொருள். பிறகுதான் உருவத்துக்கு வந்தது. இந்தப் பழைய வாசனை பிக்கை விட்டு முழுதாகப் போகவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஒரே இடத்துக்கு மூன்று சொற்கள் வந்து நின்றால் என்ன ஆகும்? பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரேயால் 1897இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விதி சொன்னார். ஒருபொருட் பன்மொழிகள் நெடுங்காலம் அப்படியே இருப்பதில்லை. பேசுகிறவர்கள் தம்மை அறியாமலே அவற்றுக்குள் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். முடியாதபோது ஒன்று மறைகிறது. ஆங்கிலத்தில் ‘டியர்’ என்ற சொல் ஒருகாலத்தில் எல்லா விலங்குக்கும் பொது. பீஸ்ட், அனிமல் என்ற வெளிச்சொற்கள் வந்த பிறகு அது மான் ஒன்றுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. பிக், லார்ஜ், கிரேட் மூன்றும் மறையவில்லை. வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. அந்தப் பங்கீடு எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, ஆனாலும் எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள்.

அதை எழுத்தில் பிடிக்கும் முயற்சிகள் பழமையானவை. அகராதி தொகுத்த டாக்டர் ஜான்சனின் தோழியாக இருந்த ஹெஸ்டர் பியோஸி 1794இல் ஆங்கில ஒத்தபொருட் சொற்கள் பற்றி இரண்டு பாகங்கள் எழுதினார். ஜார்ஜ் கிராப் 1816இல் எழுதினார். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, புகழ்பெற்ற தெசாரஸை வெளியிட்டார். ரோஜே சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கித் தந்தார், வேறுபாட்டை விளக்கவில்லை. நம் நிகண்டுகளும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துத் தந்தனவே தவிர, அவற்றுக்குள் நுண்ணிய வேறுபாடு காட்டுவது அவற்றின் வேலையாக இருக்கவில்லை. தொல்காப்பிய உரியியலும் உறு, தவ, நனி என்ற மூன்றையும் மிகுதி என்ற ஒரே பொருளில்தான் வைக்கிறது. பியோஸியும் கிராப்பும் வேறுபாட்டைச் சொல்லத்தான் முயன்றார்கள். ஆனால் அவர்களிடம் இருந்த கருவி தங்கள் சொந்தக் காது மட்டுமே.

காதை நம்பாமல் தேடும் வழியைக் காட்டியவர் ஜே. ஆர். ஃபர்த். இவருக்கு இந்தியாவோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர். நமக்கு இன்னும் அருகில், ஏ. எச். ஆர்டனின் தமிழ் இலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றிப் பின்னிணைப்பு எழுதியவர். 1944இல் லண்டனில், பிரிட்டனின் முதல் பொது மொழியியல் பேராசிரியரானார். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி, அது வழக்கமாக எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதிலேயே இருக்கிறது என்பது அவர் கருத்து. 1950களில் அவர் எழுதியவற்றில் இது முழு வடிவம் பெற்றது. ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றார். ஆளைப் பற்றி ஊரில் சொல்வதைத்தான் அவர் சொல்லுக்குச் சொன்னார்.

ஃபர்த்தின் மாணவர் ஹாலிடே 1966இல் கொடுத்த எடுத்துக்காட்டு நம் தேநீர்க் கடைக்கே பொருந்தும். ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று கேட்கிறோம். ‘பவர்ஃபுல்லா ஒரு டீ’ என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான், டீ ஸ்ட்ராங், கார் பவர்ஃபுல். இரண்டு சொல்லுக்கும் வலிமை என்றே பொருள், ஆனால் சேரும் இடம் வேறு. தமிழில் இதே ஒழுங்கு வேறு சொற்களில் ஓடுகிறது. பலத்த மழை பெய்கிறது, பலத்த காற்று வீசுகிறது. வெயிலுக்குப் பலத்த சேராது, கடும் வெயில்தான். காய்ச்சலும் கடுங்காய்ச்சல்தான். ‘பலத்த வெயில்’ என்று ஒருவர் சொன்னால் புரியும், ஆனால் அவர் தமிழில் வளர்ந்தவர் இல்லை என்பது அந்தக் கணத்தில் தெரிந்துவிடும்.

ஃபர்த் சொன்னதைச் சோதித்துப் பார்க்கக் கணினி வரவேண்டியிருந்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் குச்சேரா, ஃபிரான்சிஸ் என்ற இருவர், 1961இல் அச்சான எழுத்துகளிலிருந்து 500 துண்டுகளை எடுத்து, மொத்தம் பத்து லட்சம் சொற்களைக் கணினியில் ஏற்றினார்கள். பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் இயங்கிய குழு, இத்தகைய சொற்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1987இல் கோபில்ட் அகராதியை வெளியிட்டது. 1994இல் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் பத்துக் கோடிச் சொற்களோடு முடிந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சு.

இந்தத் தொகுப்பில் அகராதிக்காரர் என்ன செய்கிறார் என்பதை நெருங்கிப் பார்க்கலாம். லார்ஜ் என்று தட்டச்சு செய்கிறார். அந்தச் சொல் வரும் ஒவ்வொரு வரியும் திரையில் வருகிறது. எல்லா வரியிலும் லார்ஜ் நடுவே ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்படி அடுக்கப்பட்டிருக்கும். வாக்கியத்தின் தலையும் வாலும் ஓரங்களில் வெட்டுப்பட்டுத் தொங்கும். வலப்பக்கச் சொல்லை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் திரை சட்டென்று உருமாறுகிறது. லார்ஜ் அமௌண்ட் என்று சில வரிகள். கொஞ்சம் கீழே லார்ஜ் நம்பர், அதற்குக் கீழும் லார்ஜ் நம்பர், பக்கம் பக்கமாக லார்ஜ் நம்பர். பிறகு ப்ரொபோர்ஷன், குவாண்டிட்டி, ஸ்கேல். அளவு, எண்ணிக்கை, விகிதம். பிக்கைத் தட்டினால் வேறொரு கூட்டம் வருகிறது. பாய், ஹவுஸ், மேன், மிஸ்டேக், பிராப்ளம். கிரேட்டுக்கு டீல், கேர், டிஃபிகல்ட்டி, இம்பார்ட்டன்ஸ், ப்ளஷர். முதன்முதலாக இந்தத் திரைகளை அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, இவை ஒரே பொருளுள்ள சொற்கள் என்ற எண்ணம் அங்கேயே போய்விடும்.

அடுத்தடுத்து வருவது தற்செயலா, உண்மையான உறவா என்பதையும் கணக்கிடலாம். கென்னத் சர்ச், பேட்ரிக் ஹாங்க்ஸ் இருவரும் 1989–90இல் இதற்கு ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். அடிப்படைக் கணக்கு எளிது. ஒரு கோடிச் சொற்கள் உள்ள தொகுப்பில் ஒரு சொல் ஆயிரம் முறையும் இன்னொன்று இரண்டாயிரம் முறையும் வருவதாக வைத்துக்கொள்வோம். அவை எந்த உறவும் இல்லாமல் சிதறிக் கிடந்தால், இரண்டாவது முதலாவதை ஒட்டி வருவதற்கான எதிர்பார்ப்பு 0.2 முறை, அதாவது ஒரு முறைகூட இல்லை. உண்மையில் எண்ணிப் பார்க்கும்போது 60 முறை வந்திருந்தால், எதிர்பார்த்ததைவிட 300 மடங்கு. அது தற்செயலாக இருக்க முடியாது. ‘அப்படிச் சொல்வதில்லை’ என்ற தாய்மொழிக்காரரின் பதிலுக்கு அடியில் இருந்தது இப்படிப்பட்ட எண்கள்தான். குழந்தைப் பருவம் முதல் கேட்ட கோடிக்கணக்கான வாக்கியங்களின் கணக்கை அவர் காது தானாகவே வைத்திருக்கிறது.

நம்முடைய மூன்று சொற்களையே எடுத்துக்கொண்டு டக்ளஸ் பைபர், சூசன் கான்ராட், ராண்டி ரெப்பன் மூவரும் 1998இல் வெளியான தங்கள் நூலில் ஆராய்ந்தார்கள். ஆய்வு எழுத்தையும் புனைகதையையும் பிரித்து எண்ணினார்கள். ஆய்வு எழுத்தில் லார்ஜ் கொடிகட்டிப் பறக்கிறது, பிக் அபூர்வம். கதைகளில் பிக்கும் கிரேட்டும் முன்னே வருகின்றன. கதையில் பிக் பெரும்பாலும் கண்ணால் காணும் ஆளையும் பொருளையும் சொல்கிறது. ஆய்வில் லார்ஜ் அளவையும் எண்ணிக்கையையும் சொல்கிறது. கிரேட் அளவுக்கும் வரும், ஆனால் தீவிரத்துக்கும் முக்கியத்துவத்துக்கும் அதுவே ஏற்றது.

இதை வைத்து நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். லார்ஜ் அளந்து சொல்வது. பேசுகிறவரின் உணர்ச்சி அதில் கலப்பதில்லை. சட்டைக்கடையில் எஸ், எம், எல் என்று அளவு போடும்போது எல் என்ற எழுத்து லார்ஜைக் குறிப்பதற்கு வேறு காரணம் வேண்டாம். பிக்கில் பேசுகிறவர் இருக்கிறார், அவர் முன்னே அந்தப் பொருள் நிற்கிறது, அவருக்கு அது பொருட்டாக இருக்கிறது. கிரேட் ஒரு படி பின்வாங்கி நின்று வியக்கிறது, அல்லது அஞ்சுகிறது.

வானியலின் பெயர்கள் இப்போது தெளிவாகும். 1949 மார்ச் 28இல் பிபிசி வானொலியில் பொதுமக்களுக்குப் பேசிக்கொண்டிருந்த வானியலாளர் ஃப்ரெட் ஹாயில், தமக்கு உடன்பாடில்லாத ஒரு கொள்கையை விளக்கும்போது ‘பிக் பேங்’ என்றார். கேட்பவர் மனதில் படம் எழவேண்டிய இடம் அது. பேச்சுமொழி, ஓர் ஓசை, ஒரு நிகழ்ச்சி. பிக் தவிர வேறு எதுவும் அங்கே பொருந்தாது. ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் நிலத்தடியில் கிடக்கும் துகள் மோதுவிக்கு லார்ஜ் ஹாட்ரான் கொலைடர் என்று பெயர், ஏனென்றால் அங்கே சொல்லப்படுவது அளவு. சிலியின் பரனால் மலையில் 8.2 மீட்டர் ஆடிகள் நான்கைக் கொண்ட தொலைநோக்கி வெரி லார்ஜ் டெலஸ்கோப். அதே நாட்டில் 39 மீட்டர் ஆடியோடு எழுந்துவருவது எக்ஸ்ட்ரீம்லி லார்ஜ் டெலஸ்கோப். பொறியாளர்களுக்கு அளவு கூடக்கூட முன்னடைதான் மாறுகிறது, லார்ஜ் மாறவில்லை. பார்த்தவரை மலைக்க வைத்த காட்சிகளுக்குத்தான் கிரேட். வியாழனின் சிவப்புப் புள்ளி அப்படி, 1577இலும் 1680இலும் ஐரோப்பாவே அண்ணாந்து பார்த்த வால்விண்மீன்கள் அப்படி.

பிக்கின் பழைய வாசனை என்றேனே, அது இங்கே தேவைப்படுகிறது. ‘மை பிக் சிஸ்டர்’ என்றால் என் அக்கா. ‘மை லார்ஜ் சிஸ்டர்’ என்றால் உடல் பருத்த என் சகோதரி. முன்னது அன்பாகச் சொல்வது, பின்னது வீட்டில் சண்டை மூட்டும். செல்வாக்கு, முதன்மை என்று பிக்குக்கு எழுநூறு ஆண்டுக்கு முன் இருந்த பொருளின் நிழல் இன்னும் அதன்மேல் விழுந்திருக்கிறது. தமிழர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. பெரியக்கா என்றால் மூத்தவள், பெரியப்பா என்றால் அப்பாவுக்கு மூத்தவர், அவர் ஒல்லியாகவே இருக்கலாம். ஊரில் பெரிய மனுஷன் என்றால் யாரும் உயரத்தை அளப்பதில்லை. நம் ‘பெரிய’ ஆங்கிலத்தின் பிக்கோடுதான் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. எண்ணிக்கை என்று வந்தால் நாமும் அதை விட்டுவிட்டு ஏராளமான, திரளான, பெருமளவில் என்று மாறிவிடுகிறோம். ‘பெரிய எண்ணிக்கையில்’ என்று செய்திகளில் வருவது மொழிபெயர்ப்பின் வடு. இதை வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த மாணவிக்கு லார்ஜ் நம்பர் மறக்காது.

கிரேட்டில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நம் பேச்சில் ‘கிரேட்!’ என்றால் பாராட்டு. அதனால் கிரேட் எங்கே வந்தாலும் அதில் சிறப்பு இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தை ஆங்கில வரலாற்று நூல்கள் கிரேட் ஃபேமின் என்கின்றன. நம் மக்கள் வாயில் அது தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கானோர் மாண்ட அந்தக் கொடுமைக்கு முன்னால் நிற்கும் கிரேட்டில் பெருமை ஏதும் இல்லை, அது பேரளவும் பேரச்சமும் மட்டுமே. 1666இல் லண்டனை எரித்த நெருப்பும், 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் அதே பெயரைத்தான் சுமக்கின்றன. கிரேட் பிரிட்டன் என்பதும் தற்புகழ்ச்சியாகத் தொடங்கியதல்ல. கடலுக்கு அப்பால் பிரான்சில் உள்ள பிரித்தானி சின்ன பிரிட்டன், தீவு பெரிய பிரிட்டன் என்று வேறுபடுத்தப் பிறந்த பெயர் அது. பேரரசு வளர்ந்த பிறகு அதில் பெருமிதம் ஏற்றிக்கொண்டார்கள்.

ஒரு சொல்லின் குணத்தை அதன் எதிர்ச்சொல்லிலும் பார்க்கலாம். உளவியலாளர் ஜேம்ஸ் டீஸ் 1964இல், ஒரு சொல்லைக் கேட்டதும் மனதில் எழும் சொல் எது என்று கேட்டுத் திரட்டிய விடைகளை வெளியிட்டார். பிக்குக்கு லிட்டில் இணையாக வந்தது, லார்ஜுக்கு ஸ்மால். பொருள் ஒன்றே என்றால் எதிர்ச்சொல்லும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? இல்லை. இந்த இணைகளை வானத்திலேயே பார்த்துவிடலாம். லார்ஜ் மெகல்லனிக் கிளவுடுக்குத் துணையாக நிற்பது ஸ்மால் மெகல்லனிக் கிளவுட். நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் ஏழு விண்மீன்களை அமெரிக்கர்கள் பிக் டிப்பர் என்கிறார்கள். அதே வடிவில் துருவ விண்மீனை நுனியில் கொண்டிருப்பது லிட்டில் டிப்பர். கிரேட்டர் என்று தொடங்கும் பறவைப் பெயர்களுக்கு லெஸ்ஸர் என்றே இணை வரும். பெயர் வைத்தவர்கள் யாரும் மொழியியல் படித்துவிட்டு வைக்கவில்லை.

குழந்தைகள் இதில் முதலில் பிடித்துக்கொள்வது பிக்கைத்தான். ஆனால் கற்பது நேர்க்கோட்டில் போவதில்லை. மைக்கேல் மாரட்சோஸ் 1973இல் ஒரு வியப்பான விஷயத்தைக் காட்டினார். இரண்டு பொருள்களைக் காட்டி எது பிக் என்று கேட்டால், மூன்று வயதுக் குழந்தைகள் மொத்த உருவத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்கிறார்கள். நான்கு, ஐந்து வயதில் பலர் தவறுகிறார்கள், உயரமானதைக் காட்டுகிறார்கள். பரந்து கிடப்பது உண்மையில் பெரிதாக இருந்தாலும் நெடிது நிற்பதே அவர்களுக்குப் பிக். தெரிந்திருந்த சொல்லை இடையில் ஒரு கட்டத்தில் தொலைத்து, பிறகு மீட்கிறார்கள். சொற்பொருள் மனதில் ஒருமுறை பதிந்து அப்படியே இருப்பதில்லை, அது வளரும்போதே அசைகிறது.

ஃபர்த்தின் கருத்து இன்று அவர் எண்ணியிராத இடத்துக்குப் போயிருக்கிறது. 2013இல் கூகுளில் தோமாஷ் மிகொலோவும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட வேர்ட்2வெக் என்ற முறை, ஒவ்வொரு சொல்லையும் அதன் அக்கம்பக்கச் சொற்களை வைத்து எண்களின் வரிசையாக மாற்றியது. ஒரே மாதிரிச் சூழலில் வரும் சொற்கள் எண்வெளியில் பக்கத்தில் பக்கத்தில் வந்து அமர்ந்தன. பிக்குக்கு அருகில் லார்ஜ் வந்தது. ஆனால் ஸ்மாலும் அருகிலேயே வந்தது. வீடு பெரிதாக இருக்கும் இடத்தில் சிறிதாகவும் இருக்கலாம் அல்லவா? சூழல் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். சேர்க்கையை மட்டும் வைத்துச் சொல்லை அறிவதன் எல்லை இங்கே தெரிகிறது. பிறகு வாக்கியம் முழுவதையும் கருத்தில் கொள்ளும் முறைகள் வந்தன.

அப்படி வளர்ந்த இயந்திரங்களைத்தான் இன்று உலகம் லார்ஜ் லாங்குவேஜ் மாடல் என்கிறது. 2020இல் வந்த ஜிபிடி-3இல் திருத்தி அமைக்கக்கூடிய எண்கள் மட்டும் 17,500 கோடி. எண்ணிக்கையால் பெரியது என்பதால் பெயர் லார்ஜ் ஆயிற்று. அதே துறையில் தரவுகளின் பெருக்கத்தைப் பேச்சுவாக்கில் பிக் டேட்டா என்றுதான் சொல்கிறார்கள்.